ரேடியோ 4ல நாள் பூரா என்னதான் பேசுறாங்க? அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதிலும்

தர்மபுரி டவுன்ல சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எடுக்குறேன், நர்சிங் முடிச்சிட்டு வெளிநாடு போக ட்ரை பண்ற பிள்ளைங்கதான் ஜாஸ்தி. வர்ற எல்லார்கிட்டயும் மொத நாளே நான் சொல்றது, பிபிசி ரேடியோ 4 போட்டு விடுங்க, வீட்டு வேலை பாத்துக்கிட்டே காதுல விழட்டும்னு. சொன்ன மறுநாளே கேள்வி ஆரம்பிச்சிடும், பிள்ளைங்க கேக்கும், அவங்க அப்பா அம்மா கேப்பாங்க, கீழ் கடை அண்ணன் கேப்பாரு, வருஷத்துக்கு வருஷம் ஆள்தான் மாறுது கேள்வி அதேதான். அதனால அவங்க கேட்ட மாதிரியே எழுதி பதிலும் போட்டு வச்சிட்டேன்.

அக்கா, ரேடியோ 4னா என்ன? அதுல பாட்டே போட மாட்டாங்களா?

பிரிட்டன் முழுக்க கேக்குற பேச்சு ஸ்டேஷன். 1967 செப்டம்பர் 30ஆம் தேதி அந்தப் பேர்ல ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி ஹோம் சர்வீஸ்னு இருந்தது. பாட்டுக்கு அவங்ககிட்ட வேற ஸ்டேஷனுங்க இருக்கு, இங்க நியூஸ், விவாதம், நாடகம், கத வாசிக்கிறது, காமெடி, தோட்டம், விவசாயம், சயின்ஸ், சாமி விஷயம், கடல் வானிலைன்னு எல்லாமே பேச்சுதான். நடுநடுவுல ஏதாவது நிகழ்ச்சிக்கு தேவைப்பட்டா ஒரு துண்டு பாட்டு வரும், அவ்வளவுதான்.

பிபிசின்னா தமிழோசை தானே? எங்க அப்பா ராத்திரி சிற்றலைல கேட்டுட்டே படுத்திருப்பாரே, அதானே இது?

இல்லப்பா, அது வேற இது வேற. தமிழோசை, வேர்ல்ட் சர்வீஸ்னு பிபிசி வெளிநாட்டுக்காக நடத்துற பக்கத்துல இருந்து நமக்காக தமிழ்ல பண்ணது. 1941 மே மாசம் தமிழ்ல ஆரம்பிச்சது, 2017 ஏப்ரல் 30ஓட சிற்றலை ஒலிபரப்ப நிறுத்திட்டாங்க. எங்க வீட்லயும் அது ஓடும், செட்ட ஜன்னலோரம் தூக்கிட்டுப் போயி ஏரியல இப்படி அப்படி திருப்பி, சத்தம் கொஞ்சம் மங்குனா கைய அசைக்காம அப்படியே புடிச்சிக்கிட்டு நின்ன ஆளு எங்க அப்பா.

ரேடியோ 4 அந்த ஊர் ஜனங்களுக்காக அவங்க இங்கிலீஷ்ல நடத்துறது. நமக்காக நிறுத்தி நிதானமா யாரும் பேச மாட்டாங்க. நான் பிள்ளைங்கள அத கேக்கச் சொல்றதுக்கு காரணமே அதான், நாளைக்கு அங்க வார்டுல ஒரு பாட்டி வலிய சொல்றப்ப யாரும் நமக்காக மெதுவா சொல்லப் போறதில்ல.

நம்ம தர்மபுரில எடுக்குமா? எந்த நம்பர்ல வைக்கணும்?

ரேடியோ பொட்டில எடுக்காது. 102.5ல வர்றது நம்ம ஆகாசவாணி தர்மபுரி. ரேடியோ 4க்கு எஃப்எம் அந்த ஊருக்குள்ள மட்டும்தான், அவங்க பல வருஷமா வச்சிருந்த 198 கிலோஹெர்ட்ஸ் நெட்டலை இங்க வந்து சேராது, நம்ம செட்ல அந்த பேண்டே கிடையாது.

போன்லதான் கேக்கணும். முன்னாடி பிபிசி சவுண்ட்ஸ்னு ஒரு ஆப் இருந்தது, 2025 ஜூலைல அத வெளிநாட்டு ஆளுங்களுக்கு மூடிட்டாங்க. ரேடியோ 4ம் வேர்ல்ட் சர்வீஸும் மட்டும் பிபிசியோட பொது வெப்சைட்லயும் பிபிசி ஆப்லயும் லைவா கிடைக்குது. காசு கட்ட வேண்டாம். வெறும் பேச்சுங்கறதால வீடியோ பாக்குற அளவுக்கு டேட்டாவும் போகாது.

நம்ம டைமுக்கு எப்ப என்ன வரும்னு சொல்லுங்க, நான் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிக்கிறேன்

மொதல்ல கணக்கு புரிஞ்சிக்கோங்க. மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமைல இருந்து அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் அவங்கள விட நாம நாலரை மணி நேரம் முன்னாடி, மீதி மாசத்துல அஞ்சரை மணி நேரம் முன்னாடி. நான் கீழ சொல்றது நாலரை கணக்கு, குளிர்காலத்துல எல்லாத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கோங்க.

வார நாள்னா நமக்கு காலைல பத்தேகாலுக்கு விவசாய நிகழ்ச்சி, பத்தரைல இருந்து ஒன்றரை வரைக்கும் 'டுடே'ங்கற காலை நியூஸ். ஒன்றரைக்கு தினம் ஒரு தினுசு, வியாழக்கிழமைன்னா 'இன் அவர் டைம்', ஒரே ஒரு தலைப்ப எடுத்து மூணு பேராசிரியருங்கள ஒக்கார வச்சு பேசுறது, 1998ல இருந்து 2025 வரைக்கும் மெல்வின் பிராக்னு ஒருத்தரே நடத்தினாரு. ரெண்டரைக்கு 'வுமன்ஸ் ஹவர்', 1946ல ஆரம்பிச்சது, பொம்பளைங்க நிகழ்ச்சிக்கு அப்ப மொதல்ல வச்சது ஒரு ஆம்பள அறிவிப்பாளர, அப்புறம்தான் பொம்பளைய வச்சாங்க. அஞ்சரைக்கு மத்தியான நியூஸ். ஆறரைக்கு 'தி ஆர்ச்சர்ஸ்' நாடகம், முந்தின நாள் போட்டதோட மறு ஒலிபரப்பு. ஒன்பதரைக்கு 'பிஎம்'னு சாயங்கால நியூஸ், பத்தரைக்கு இன்னொரு பெரிய நியூஸ், பதினொன்னுக்கு அரை மணி நேரம் காமெடி, பதினொன்றரைக்கு ஆர்ச்சர்ஸ் புது எபிசோடு.

அதுக்கப்புறம் நாம தூங்கிடுவோம். அவங்களுக்கு ராத்திரி முக்கா பதினொன்னுக்கு ஒரு நாவல தினம் கால் மணி நேரம் வாசிப்பாங்க, 1949ல இருந்து நடக்குது, நமக்கு அது விடியற்காலம் மூணேகால். அவங்க கடையச் சாத்துறது ராத்திரி ஒரு மணி, நமக்கு அஞ்சரை, அப்ப தேசிய கீதம் போட்டு முடிச்சிட்டு வேர்ல்ட் சர்வீஸ ஓட விட்டுடுவாங்க.

காலைல மூணு மணி நேரம் நியூஸா? அதையேவா திருப்பித் திருப்பி சொல்லிட்டிருப்பாங்க?

1957ல இருந்து ஓடுது இந்த டுடே. மூணு மணி நேரமும் ஒருத்தரே ஒக்காந்து கேக்கணும்னு பண்ணல, ஒருத்தர் எழுந்து பல்லு தேய்க்கிறப்ப கேப்பாரு, இன்னொருத்தர் வண்டில போறப்ப கேப்பாரு, அதனால தலைப்புச் செய்தி திரும்ப வரும், ஆனா பேட்டிங்க வேற வேற. அவங்க டைம் 8.10க்கு வர்ற பேட்டிதான் அன்னிக்கு முக்கியமானது, மந்திரி யாராவது வருவாங்க, கேள்வி கேக்குறவங்க விட மாட்டாங்க. ஒரு கேள்விக்கு பதில் சொல்லாம நழுவுனா அதே கேள்விய மறுபடி கேப்பாங்க. மரியாதை கொறையாம எப்படி விடாப்பிடியா கேக்குறதுன்னு தெரிஞ்சிக்க எனக்குத் தெரிஞ்சு அத விட நல்ல பாடம் இல்ல, நான் அந்த பத்து நிமிஷத்த கிளாஸ்ல ரெக்கார்ட் பண்ணி போட்டுக் காட்டுவேன்.

7.45 வாக்குல மூணு நிமிஷம் மத சிந்தனை வரும், ஒரு நாள் பாதிரியார், ஒரு நாள் சீக்கியர், ஒரு நாள் இந்து, முஸ்லிம், யூதர்னு மாறி மாறி. அதுல இங்கிலீஷ் தெளிவா இருக்கும், மொத மொத கேக்குறவங்களுக்கு நல்லது.

ஏம்மா, அதுல விவசாயத்தப் பத்தி ஏதாச்சும் சொல்றானுங்களா? இல்ல எல்லாம் அரசியல் தானா?

இத கேட்டது பாலக்கோடு பக்கம் தக்காளி போடுற ஒரு பெரியவரு, மகள கிளாஸ்ல விட வந்தாரு. சொல்றாங்கய்யா, தினமும் சொல்றாங்க. பால் வெல, மழ, மாட்டு நோய், கூலி ஆள் கிடைக்காதது, சூப்பர் மார்க்கெட்காரன் வெலய அழுத்துறதுன்னு பதிமூணு பதினாலு நிமிஷம் வரும். ராயக்கோட்டை மண்டில கூடையோட நின்னவங்களுக்கு அந்த பேச்சு அந்நியமா இருக்காது, பவுண்டுனு சொல்றத ரூபாய்னு மாத்திக்கிட்டா போதும்.

அத விட பெரிய விஷயம் அந்த ஆர்ச்சர்ஸ் நாடகம். 1950ல சின்னதா சோதன பண்ணிப் பாத்துட்டு 1951 ஜனவரி 1ல நாடு பூரா ஆரம்பிச்சாங்க. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு இன்னும் ரேஷன் இருந்த நேரம் அது, வெளைச்சல கூட்டணும்னு கவர்ன்மெண்ட்டு தவிக்குது, புது உரம் புது மெஷின்னு சொன்னா விவசாயி காது குடுக்கணும்ல, அதுக்காக ஆம்பிரிட்ஜ்னு ஒரு கற்பன ஊரு, ஆர்ச்சர்னு ஒரு குடும்பம்னு வச்சு கதைக்குள்ள விவசாய சேதிய கலந்து குடுத்தாங்க. நம்ம பக்கமும் ரேடியோ இந்த வேல பாத்திருக்கு, தஞ்சாவூர்ல ஏடிடி 27ங்கற நெல்ல ஆகாசவாணி விவசாய நிகழ்ச்சி அவ்வளவு தூரம் பரப்புனதால ஜனங்க அதுக்கு ரேடியோ நெல்லுனே பேர் வச்சாங்க. பெரியவருகிட்ட இத சொன்னேன், அவரு "அப்ப வெளஞ்சதுக்கு வெலையும் ரேடியோல சொன்னானா?"ன்னு கேட்டாரு. சரியான கேள்வி.

ஆர்ச்சர்ஸ் இத்தன வருஷமா ஓடுதுன்னா இப்ப போயி நடுவுல கேட்டா தல வால் புரியுமா அக்கா?

மொத ரெண்டு வாரம் புரியாது, யாரு யாருக்கு என்ன முறைன்னே தெரியாது. புதுசா ஒரு ஊருக்கு மருமகளா போனா எப்படி, அப்படித்தான். மூணாவது வாரம் குரல் பழகிடும், கதவு சத்தத்த வச்சே யார் வீடுன்னு சொல்லிடுவீங்க.

உலகத்துலயே ரொம்ப காலமா ஓடுற நாடகம் இது. ஃபில் ஆர்ச்சர்னு ஒரு பாத்திரம், அதுக்கு குரல் குடுத்த நார்மன் பெயிண்டிங் 1950 சோதன ஒலிபரப்புல இருந்து 2009ல சாகுற வரைக்கும் அதே பாத்திரம், இளவட்டமா ஆரம்பிச்சு தாத்தாவா முடிச்சாரு. அந்த ஃபில்லோட மொத பொண்டாட்டி கிரேஸ், 1955 செப்டம்பர் 22 எபிசோடுல லாயத்துல தீப்பிடிச்சப்ப குதிரைய காப்பாத்த உள்ள ஓடி செத்துப் போயிடுவா. அன்னிக்கு ராத்திரிதான் பிபிசிக்கு போட்டியா ஐடிவின்னு விளம்பர டிவி மொத மொத ஆரம்பிச்சது, ஆனா மறுநாள் ஊரே கிரேஸ் செத்ததத்தான் பேசுச்சு.

விடியற்காலைல ஏதோ மந்திரம் மாதிரி பேரா சொல்லிட்டே போறாங்களே, அது என்னக்கா?

அதுதான் ஷிப்பிங் ஃபோர்காஸ்ட், கப்பல்காரங்களுக்கான வானிலை. அவங்களுக்கு ராத்திரி 12.48, நமக்கு 5.18. நாள் பூரா வர்றதுல எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான், அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன்.

பிரிட்டன சுத்தி இருக்குற கடல 31 பாகமா பிரிச்சு ஒவ்வொன்னுக்கும் பேர் வச்சிருக்காங்க. வைக்கிங், ஃபார்ட்டீஸ், குரோமார்ட்டி, டாகர், ஜெர்மன் பைட், ஹம்பர், தேம்ஸ், டோவர்னு எப்பவும் ஒரே வரிசைல கடிகாரம் சுத்துற திசைல சொல்லிட்டே போவாங்க. ஒவ்வொரு பேருக்கும் பின்னாடி மொதல்ல காத்து எந்தப் பக்கத்துல இருந்து எவ்வளவு வேகம், அப்புறம் மழையா இல்லையா, கடைசில கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரியும். "தென்மேற்கு 5ல இருந்து 7, பின்னாடி மழை, குட்"னு முடிப்பாங்க. அந்த குட் வானிலை நல்லா இருக்குங்கறதுக்கு இல்ல, அஞ்சு கடல் மைலுக்கு மேல பார்வை தெரியும்னு அர்த்தம். அந்த 5, 7ங்கறது காத்து பலத்தோட அளவு, 8 வந்தா புயல்காத்து எச்சரிக்கை. "இம்மினென்ட்"னா ஆறு மணி நேரத்துக்குள்ள, "சூன்"னா ஆறுல இருந்து பன்னெண்டுக்குள்ள, "லேட்டர்"னா பன்னெண்டுக்கு மேல. ஒரு வார்த்தையும் சும்மா இல்ல. நாம 'அப்புறம் வர்றேன்'னு சொன்னா அது எப்பன்னு நமக்கே தெரியாது, அங்க 'அப்புறம்'ங்கறதுக்கு மணி கணக்கு இருக்கு.

இதுக்குப் பின்னாடி ஒரு சாவு இருக்கு. 1859 அக்டோபர்ல ராயல் சார்ட்டர்னு ஒரு கப்பல் புயல்ல மாட்டி 450 பேருக்கு மேல செத்தாங்க. டார்வின் போன பீகிள் கப்பலோட கேப்டன் ஃபிட்ஸ்ராய்தான் அப்ப வானிலை ஆபீஸ் நடத்திட்டிருந்தாரு, அதுக்கப்புறம் 1861ல தந்தி மூலமா துறைமுகத்துக்கு புயல் எச்சரிக்கை அனுப்ப ஆரம்பிச்சாரு. 2002ல அந்த 31ல ஒரு கடல் பாகத்துக்கு அவரு பேரையே வச்சாங்க. தர்மபுரிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க, நான் வாசல் தெளிச்சு கோலம் போடுறப்ப செல்போன ஜன்னல் திண்டுல வச்சிடுவேன், பால்காரர் கேன் சத்தம் இங்க, அங்க எங்கயோ டாகர், ஃபிஷர்னு ஒரு குரல் நிதானமா வாசிக்குது. இருட்டுக்குள்ள படகுல ஒருத்தன் இத கேட்டுக்கிட்டிருக்கான்னு நெனச்சாலே புள்ளி வைக்கிற கை நின்னுடும்.

பீப் பீப்னு ஆறு தடவ வருதே, அத வச்சு கடிகாரத்துல டைம் சரி பண்ணலாமா?

அவங்க ஊர்ல எஃப்எம்ல கேட்டா பண்ணலாம், நம்ம போன்ல கேட்டா பண்ணக் கூடாது. 1924 பிப்ரவரி 5ல இருந்து வர்ற சத்தம் அது, அஞ்சு சின்னது கடைசி ஒன்னு நீளம், அந்த நீள பீப் ஆரம்பிக்கிற நொடிதான் சரியான மணி. ஆனா இன்டர்நெட்ல வர்றப்ப தேக்கி வச்சு அனுப்புறதால நமக்கு கொஞ்சம் லேட்டாத்தான் வந்து சேரும், உங்க நெட்ட பொறுத்து அது இன்னும் கூடும். இன்னொன்னு, முன்னாடி சொன்ன நாலரை அஞ்சரை கணக்கால அவங்களுக்கு முழு மணி அடிக்கிறப்ப நமக்கு எப்பவுமே அரை மணிதான். சாயங்காலம் 6க்கு பீப்புக்கு பதிலா பிக் பென் மணி வரும், அது கோபுரத்துல மைக் வச்சு நேரா எடுக்குறது, ரெக்கார்டிங் இல்ல.

விளம்பரமே வரலியே, அப்ப சம்பளம் யாரு குடுக்குறா?

ஜனங்க. டிவி பாக்குற வீடு வருஷத்துக்கு ஒரு தடவ லைசென்ஸ் கட்டணம் கட்டணும், 2025 ஏப்ரல்ல அது 174.50 பவுண்டா இருந்தது. ரேடியோக்கு மட்டும் தனி லைசென்ஸ் 1971லயே எடுத்துட்டாங்க. நம்ம ஊர்லயும் ரேடியோ லைசென்ஸ் இருந்ததுப்பா, தாத்தா காலத்துல போஸ்ட் ஆபீஸ்ல கட்டி புக்குல ஸ்டாம்பு ஒட்டி வாங்கி வச்சிருப்பாங்க. வெளிநாட்ல நாம வெப்சைட்ட தெறந்தா அந்த பக்கத்துல விளம்பரம் தெரியும், ரேடியோ பேச்சுக்கு நடுவுல வராது.

அக்கா எனக்கு ஒன்னுமே புரியல, எதுல ஆரம்பிக்கட்டும்?

மொத மாசம் புரியணும்னு கேக்காதீங்க. 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்'ல இருந்து ஆரம்பிங்க. 1942ல இருந்து வருது, ஒருத்தர தனித் தீவுல விட்டா எந்த எட்டு பாட்டு எடுத்துட்டு போவீங்கன்னு கேட்டு அதுக்கு நடுவுல அவங்க வாழ்க்கையச் சொல்ல வைக்கிறது. கடைசில ஒரு புத்தகம், ஒரு ஆடம்பர சாமான். கேள்வி முன்னாடியே தெரியும்ங்கறதால பதில்ல மட்டும் கவனம் வச்சா போதும். இதையே கிளாஸ்ல கேட்டேன், அரூர் பக்கத்து பொண்ணு ஒன்னு ஆடம்பர சாமானா எங்க அம்மா வச்ச ஊறுகா ஜாடின்னுச்சு, அத இங்கிலீஷ்ல சொல்ல அன்னிக்கு அவ யோசிக்கவே இல்ல.

அப்புறம் அந்த காமெடி நேரத்துல சில சீசன்ல வர்ற 'ஜஸ்ட் எ மினிட்', 1967ல இருந்து இருக்கு. ஒரு தலைப்பு குடுத்து ஒரு நிமிஷம் பேசணும், தயங்கக் கூடாது, சொன்ன வார்த்தையவே திருப்பிச் சொல்லக் கூடாது, தலைப்ப விட்டு வெளிய போகக் கூடாது. தலைப்பு வார்த்தைய மட்டும் எத்தன தடவ வேணா சொல்லலாம். காவேரிப்பட்டணத்து பையன் ஒருத்தனுக்கு மாம்பழம்னு குடுத்தேன், மாந்தோப்பு வச்சிருக்குற வீட்டுப் பிள்ள, கூழ் கம்பெனிக்கு பெங்களூரா மாங்கா ஏத்துறதுல இருந்து பூச்சி மருந்து வரைக்கும் கரைச்சு குடிச்சவன், பதினோராவது செகண்டுல 'ட்ரீ'ங்கறத ரெண்டாவது தடவ சொல்லி மாட்டிக்கிட்டான். ரெண்டு மாசம் கழிச்சு 52 செகண்ட் பேசினான்.

போன வாரம் வரைக்கும் இந்த டைம்ல நாடகம் வந்துச்சு, இப்ப வச்சா வேற ஏதோ பேசுறாங்க. நிகழ்ச்சிய மாத்திட்டாங்களா?

அக்டோபர் கடைசியா இருந்தா அவங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளியிருப்பாங்க. ஃப்ரிட்ஜ்ல ஒட்டுன பேப்பர்ல எல்லாத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கோங்கன்னு மேலயே சொன்னேன்ல, அதான். மார்ச் கடைசில திரும்ப கழிச்சிடுங்க. அதுவும் இல்லன்னா, வார நாள் வரிசைய சனி ஞாயிறுல தேடுறீங்கன்னு அர்த்தம், சனிக்கிழம டுடே அவங்களுக்கு 7 மணிக்குத்தான் ஆரம்பிக்கும், ஞாயித்துக்கிழம டுடேவே கிடையாது.

புடிச்ச நிகழ்ச்சிய மட்டும் பாட்காஸ்ட்ல எடுத்து கேட்டுக்கலாமே, எதுக்கு நாள் பூரா போட்டு விடச் சொல்றீங்க?

கேட்டுக்கலாம், தப்பில்ல, நானும் சிலத அப்படி கேக்குறேன். ஆனா நாமளா தேடுனா நமக்கு ஏற்கனவே தெரிஞ்சதத்தான் தேடுவோம். நர்சிங் பிள்ள ஆஸ்பத்திரி சம்பந்தமா தேடும், அரசியல் புடிச்சவன் அரசியல் தேடுவான். ரோஜாச் செடில கறுப்பு புள்ளி வந்தா என்ன பண்றதுன்னு யாரு தேடப் போறா? 1947ல இருந்து 'கார்டனர்ஸ் கொஸ்டின் டைம்'னு ஒன்னு வருது, ஜனங்க எழுந்து நின்னு தன் செடியப் பத்தி கேப்பாங்க, தோட்டம் தெரிஞ்ச மூணு பேர் ஆளுக்கு ஒரு பதில் சொல்லுவாங்க. அத நான் தேடிப் போகல, அடுப்புல பால் வச்சிருந்தேன், ரேடியோவ மாத்த கை காலியா இல்ல, அதுபாட்டுக்கு ஓடுச்சு. இன்னிக்கு எங்க வீட்டு மாடில இருக்குற பதினாலு தொட்டிக்கும் ஆரம்பம் அதான்.

எங்கிட்ட படிச்சிட்டு இப்ப பிரிட்டன்ல வேல பாக்குற ஒரு பொண்ணு போன மாசம் கூப்பிட்டா. வார்டுல பேசவே பேசாத ஒரு தாத்தா, யார் வந்தாலும் மூஞ்சிய திருப்பிக்குவாராம். இவ ஜன்னலத் தொறந்துட்டு சும்மா "டாகர், ஃபிஷர், ஜெர்மன் பைட்"னு சொல்லியிருக்கா. அவரு திரும்பாமலே "ஹம்பர், தேம்ஸ்"னாராம்.